நிறுத்தி வைத்த சின்ன விமானத்தில் எரிபொருள் திருட்டு, புறப்படும் முன் டேங்க் சரிபார்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது இரண்டு முதல் ஆறு பேர் உட்காரும், பிஸ்டன் என்ஜின் விமானங்களைப் பற்றி. எண்கள் தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் செஸ்னா 172எஸ், பைப்பர் பிஏ-28-161 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும்.

விமானத்திலிருந்து எரிபொருளைத் திருடி யாருக்கு என்ன லாபம்?

சின்ன விமானங்களில் பெரும்பாலானவை குடிப்பது 100எல்எல் என்கிற ஏவ்காஸ். இது ஆக்டேன் அதிகமுள்ள ஒரு பெட்ரோல்தான். மோட்டார் சைக்கிள், படகு, ஜெனரேட்டர், பழைய கார் எல்லாமே இதில் ஓடும். லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம் என்பதால் புதிய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் நாளடைவில் கெட்டுப்போகும். திருடுகிறவருக்கு அது தெரிவதில்லை, தெரிந்தாலும் கவலையில்லை. ஜெட் ஏ-1 நிரப்பும் டீசல் வகை என்ஜின் விமானம் என்றால், அந்த எரிபொருள் நேராக ஏதோ ஒரு டீசல் வண்டிக்குப் போகும்.

எளிதாக எடுக்க முடிவதும் ஒரு காரணம். பெரும்பாலான டேங்க் மூடிகளுக்குப் பூட்டு கிடையாது. தண்ணீரையும் அழுக்கையும் வடித்துப் பார்க்க இறக்கைக்கு அடியில் இருக்கும் வடிகால் வால்வோ, கருவி இல்லாமல் கையாலேயே திறக்க வேண்டும் என்றுதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் விமானம், இரவில் ஆளில்லாத ஏப்ரன் என்கிற நிறுத்துதளம். இதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்?

ஒரு கேன் போனால் என்ன ஆகிவிடும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். செஸ்னா 172எஸ் சீரான பறப்பில் மணிக்குச் சுமார் 34 லிட்டர் எரிக்கும். 20 லிட்டர் கேன் ஒன்று போனால் 35 நிமிடப் பறப்பு போய்விட்டது. அமெரிக்க விதி 91.151 கண்பார்வைப் பறப்புக்குப் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் கையிருப்பு கேட்கிறது. அதாவது ஒரே ஒரு கேன், உங்கள் பகல் கையிருப்பு முழுவதையும் விழுங்கிவிட்டு மேலே கொஞ்சமும் கேட்கும். மணிக்கு 22 லிட்டர் எரிக்கும் செஸ்னா 150 என்றால் அதே கேன் கிட்டத்தட்ட 55 நிமிடம். அதன் பயன்படுத்தத்தக்க கொள்ளளவே சாதாரண டேங்க்கில் 85 லிட்டர்தான்.

டேங்க்கை முழுதாகக் காலி செய்கிறவர் ஒரு விதத்தில் உங்களுக்கு நல்லது செய்கிறார், ஏனென்றால் அது கண்ணில் படாமல் போகாது. இரண்டு பக்கமும் பத்துப் பத்து லிட்டர் எடுத்துவிட்டு மூடியை ஒழுங்காகத் திருகிவிட்டுப் போகிறவர்தான் ஆபத்தானவர்.

வந்தவுடனே தெரியும்படி என்ன தடயம் இருக்கும்?

மூடியைத் தொடுவதற்கு முன் சுற்றிலும் பாருங்கள். விமானம் சில நாட்கள் வெளியில் நின்றிருந்தால் இறக்கை மேல் மெல்லிய தூசிப் படலம் இருக்கும். நிரப்பும் வாயைச் சுற்றி மட்டும் அது கலைந்திருக்கிறதா? மேல் இறக்கை விமானத்தில் தாங்குகம்பியிலும் ஏறும் படியிலும் செருப்புத் தடம் இருக்கிறதா?

100எல்எல்லில் நீலச் சாயம் கலந்திருப்பது இங்கே கைகொடுக்கும். பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் போகாது. நிரப்பும் வாயிலிருந்து இறக்கையின் பின்விளிம்பு நோக்கி இறங்கும் நீலக் கோடு, வடிகால் வால்வைச் சுற்றி நீலப் பொடி, தரையில் ஈரமோ கறையோ இருந்தால் காரணம் கண்டுபிடிக்காமல் நகரக் கூடாது. மூடியின் தாழ்நாக்கு நீங்கள் வழக்கமாக விடும் திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பறப்பின் திசைக்கு இணையாக, பின்பக்கம் பார்த்தபடி என்று ஒரே வழக்கத்தை வைத்துக்கொண்டால், வேறொருவர் கை பட்டது உடனே தெரியும்.

வடிகால் வால்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில வகைகளை மேலே தள்ளித் திருப்பினால் திறந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அவசரத்தில் போனவர் அதைப் பாதி திருப்பி விட்டுப் போயிருப்பார், அது சொட்டிக்கொண்டே இருக்கும். வால்வின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் கிழிந்திருந்தாலும் இதே கதைதான்.

காக்பிட்டில் அளவுமானி இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

போதாது. பல சின்ன விமானங்களில் டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதோடு சேர்ந்த ஒரு மின்தடை, அவ்வளவுதான் அமைப்பு. தடைச்சுருள் தேய்ந்தாலோ எர்த் இணைப்பு தளர்ந்தாலோ முள் தன் இஷ்டத்துக்கு நிற்கும். பத்து லிட்டர் குறைவை இந்த முள்ளில் படிக்க முடியாது.

'காலியாக இருக்கும்போது மட்டும் சரியாகக் காட்டினால் போதும் என்று விதியே சொல்கிறது' என்று ஒரு பேச்சு பைலட்டுகளிடம் உண்டு. அது அரைகுறை வாசிப்பு. பயன்படுத்த முடியாத எரிபொருள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, சமமட்டப் பறப்பில் முள் பூஜ்யம் காட்ட வேண்டும் என்பதுதான் அமெரிக்கச் சான்றிதழ் விதி. மற்ற அளவுகளில் பொய் சொல்லலாம் என்று அது எங்கும் அனுமதி தரவில்லை.

அதற்காக முள்ளை ஒதுக்கிவிடவும் வேண்டாம். டேங்க்குக்குள் கோல் விட்டு எடுக்கும் டிப் அளவையும் முள் நிற்கும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். டிப் 60 லிட்டர் சொல்லும்போது உங்கள் விமானத்தின் முள் எங்கே நிற்கும் என்று பழகிவிடும். ஒருநாள் அந்த உறவு மாறினால், இரண்டில் ஒன்று தவறு. எது என்று தெரியும்வரை தரையிலேயே இருங்கள்.

எங்கள் விமானத்தில் டிஜிட்டல் எரிபொருள் கணினி இருக்கிறது. அது ஒரு லிட்டர் வரை துல்லியமாயிற்றே?

அது எதைத் துல்லியமாக அளக்கிறது என்று பாருங்கள். என்ஜினுக்குப் போகும் குழாயில் ஓட்டத்தை அளந்து, நீங்கள் தட்டிய ஆரம்ப அளவிலிருந்து கழிக்கிறது. டேங்க்கை அது பார்ப்பதே இல்லை. நேற்று மாலை '142 லிட்டர் மீதி' என்று காட்டி அணைந்த கருவி, இரவில் 40 லிட்டர் போனாலும் காலையில் அதே 142ஐத்தான் காட்டும். வால்வு வழியாக ஒழுகியதும் அதற்குத் தெரியாது. டிப் எடுத்த பிறகு அந்த எண்ணைக் கணினியில் திருத்தினால்தான் அதற்கு மதிப்பு.

டிப்ஸ்டிக்கைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

முதலில், அந்த விமானத்துக்கான கோலாக இருக்க வேண்டும். 172எம்முக்குச் செய்த கோலை 172எஸ்ஸில் விட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை, டேங்க் வடிவமும் கொள்ளளவும் வேறு. கோலில் விமானத்தின் பதிவெண்ணை எழுதி வைப்பது நல்ல வழக்கம். கிளப்புகளில் கோல்கள் இடம் மாறுவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்.

அடுத்து, சமதரை. டேங்க் அகலமானது, ஆழம் குறைந்தது. ஒரு சென்டிமீட்டர் மட்டம் மாறினாலே பல லிட்டர் வித்தியாசம் வரும். ஒரு பக்க டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும், மூக்குச் சக்கரத்தின் அதிர்வுத் தாங்கி இறங்கியிருந்தாலும் எண் மாறும். தரை சரிவாக இருந்தால் விமானத்தை 180 டிகிரி திருப்பி இன்னொரு முறை எடுத்து, இரண்டின் சராசரியைப் பாருங்கள். வால்சக்கர விமானத்துக்குக் கோலையே வால் தரையில் இருக்கும் நிலையில் குறித்திருக்க வேண்டும்.

கோலைச் செங்குத்தாக, அடிவரை இறக்குங்கள். சாய்த்தால் அதிகமாகக் காட்டும். ரப்பர் பை வகை டேங்க்காக இருந்தால் மெதுவாக, குத்தாமல். எடுத்தவுடனே படியுங்கள், ஏவ்காஸ் கோலில் சில நொடிகளில் காய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். மேல்முனையை விரலால் மூடி எடுக்கும் கண்ணாடிக் குழாய் வகை வெயில் நேரத்தில் படிக்கச் சுலபம். ஆனால் விரல் சரியாக அடைக்காவிட்டால் அது குறைத்துக் காட்டும்.

பைப்பர் பிஏ-28 போன்ற தாழ்இறக்கை விமானத்தில் ஒரு சங்கடம் உண்டு. இறக்கை நுனி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் எரிபொருள் உடற்பக்கமாக ஒதுங்கும், நிரப்பும் வாயோ வெளிப்பக்கம் இருக்கிறது. ஒரு அளவுக்குக் கீழே போனால் கோல் நனையவே நனையாது. அதற்காகத்தான் உள்ளே ஒரு உலோக நாக்கு இருக்கிறது. பிஏ-28-161இல் எரிபொருள் அந்த நாக்கின் அடியைத் தொட்டால் அந்தப் பக்கம் 17 அமெரிக்க கேலன், அதாவது 64 லிட்டர். நாக்குக்குக் கீழே எவ்வளவு என்று கண்ணால் ஊகிப்பது வேண்டாம், நாக்குவரை நிரப்பிவிடுங்கள்.

கோல் இல்லை. நாமே செய்யலாமா?

செய்யலாம், ஒரு நாள் வேலை. விமானத்தைச் சமமட்டத்தில் நிறுத்தி, ஒரு டேங்க்கை வடிகால் வழியாக முழுதாகக் காலி செய்யுங்கள். கையேட்டில் சொன்ன பயன்படுத்த முடியாத அளவை முதலில் ஊற்றுங்கள், அதுதான் உங்கள் பூஜ்யம். பிறகு அளவு சரிபார்க்கப்பட்ட பம்பிலிருந்தோ அளவைக் குடுவையிலிருந்தோ பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் நிமிடம் ஒன்று விட்டு, கோலை இறக்கிக் குறியிடுங்கள். வண்ணம் பூசாத மரம் ஈரத்தை நன்றாகக் காட்டும். பேனா மை பெட்ரோலில் கரைந்துவிடும், எனவே கத்தியால் வெட்டுக்குறி போடுங்கள். இரண்டாவது டேங்க்கிலும் இதையே செய்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பக்கக் கோல்.

உலோகப் பாத்திரத்தையும் விமானத்தையும் முதலில் கம்பியால் இணைத்து, பிறகு ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கேனிலிருந்து ஊற்றும்போது நிலைமின்சாரப் பொறி வர வாய்ப்பு அதிகம்.

நேற்று எழுதியதைவிட இன்று குறைவாக இருக்கிறது. திருட்டுதான் என்று எப்படிச் சொல்வது?

உடனே சொல்ல முடியாது. குறைவதற்குப் பல வழிகள் உண்டு, ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

வெப்பநிலை முதலாவது. பெட்ரோல் 10 டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம் சுருங்கும் அல்லது விரியும். மாலை 35 டிகிரியில் 150 லிட்டர் இருந்தது காலை 15 டிகிரியில் 147 ஆகத் தெரிந்தால் யார்மேலும் குற்றமில்லை. அதே காரணத்தால், விளிம்புவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் டேங்க்குக்குக் காற்று விடும் வென்ட் குழாய் வழியாகக் கொஞ்சம் வழியும்.

அடுத்தது சரிவு. இடது, வலது டேங்க்குகள் இணைந்திருக்கும் செஸ்னாவில், எந்த டேங்க்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை 'இரண்டும்' என்ற நிலையில் விட்டு, சரிவில் நிறுத்தினால், உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு எரிபொருள் இறங்கும். டேங்க் நிறைந்திருந்தால் மிச்சம் வென்ட் வழியாகத் தரைக்குப் போகும். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடியிருந்தால் திருடனைத் தேடாதீர்கள், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நிறுத்தும்போது செலக்டரை இடதுக்கோ வலதுக்கோ மாற்றி வைத்தால் இது பெருமளவு குறையும். செஸ்னா கையேடும் அதைத்தான் சொல்கிறது.

மூன்றாவது கசிவு. கேஸ்கொலேட்டர் என்கிற அடிவடிகட்டி, வடிகால் வால்வுகள், ரிவெட் வரிசை, கார்புரேட்டரின் அடிப்பகுதி. மெதுவான கசிவு பெரும்பாலும் நீலக் கறையை விட்டுத்தான் போகும். கறையே இல்லாமல் 30 லிட்டர் குறைந்திருந்தால், யாரோ கவனமாக எடுத்திருக்கலாம்.

கடைசியாக, மனிதத் தவறு. மற்றொருவர் ஓட்டிவிட்டு எழுதாமல் போயிருக்கலாம். என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் நேரமானியையும் பதிவேட்டையும் ஒப்பிடுங்கள். அல்லது நேற்றைய எண்ணே ஊகமாக இருந்திருக்கலாம். இந்தத் தொல்லை வராமல் இருக்க, பறந்து முடித்த உடனேயும் டிப் எடுத்து எழுதுங்கள். புறப்படும் முன் மட்டும் அளப்பவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. எங்கள் கணக்கில், வெப்பநிலை மாற்றத்தைக் கழித்த பிறகும் ஐந்து லிட்டருக்கு மேல் விளக்கமில்லாமல் குறைந்தால் விசாரிக்க வேண்டும்.

டேங்க் காலி என்றால் என்ஜினே ஸ்டார்ட் ஆகாதே, அப்போது தெரிந்துவிடுமே?

ஆபத்தான நம்பிக்கை இது. குழாயிலும் வடிகட்டியிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் தேங்கியிருப்பதே ஸ்டார்ட் செய்து, தரையில் ஓடுபாதைவரை உருண்டு (டாக்ஸி) போய், சில நேரம் மேலேறவும் போதும். முழு சக்தியில் அது விறுவிறுவெனத் தீரும், அந்த நேரம் பார்த்து நீங்கள் ஓடுபாதை முனைக்கு மேல் சில நூறு அடி உயரத்தில் இருப்பீர்கள்.

செஸ்னா 172 இரண்டு டேங்க்கிலிருந்தும் சேர்த்து எடுக்கும். பைப்பர் பிஏ-28இல் அந்த வசதி இல்லை, இடது அல்லது வலதுதான். திருடியவர் ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்திருந்தால், அந்தப் பக்கம் செலக்டர் இருந்தால் முடிந்தது. அதனால் டாக்ஸியை ஒரு டேங்க்கில் செய்து, ரன்-அப் என்கிற என்ஜின் சோதனைக்கு முன் மறுபக்கம் மாற்றி, ரன்-அப் செய்த அதே டேங்க்கில் ஏறுங்கள். ஓடுபாதைக்குள் நுழையும்போது டேங்க் மாற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

வடித்துப் பார்ப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லாப் புள்ளிகளையும். செஸ்னா 172எஸ்ஸில் 13 வடிகால் புள்ளிகள் இருக்கின்றன: ஒவ்வொரு இறக்கையிலும் ஐந்து, உடலுக்கு அடியில் மூன்று. 'இறக்கைக்கு ஒன்று, அடியில் ஒன்று' என்று மூன்றோடு முடிப்பவர்கள் நிறைய. வேறொருவர் கை வைத்த டேங்க்கில் அப்படிச் செய்வது சூதாட்டம்.

கோப்பையில் அரைவாசியாவது எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே, பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனிக் குமிழியாக, தெளிவான எல்லைக்கோட்டோடு நிற்கும். திருட்டு நடந்த விமானத்தில் இன்னொன்றும் தேடுங்கள்: கருப்பு ரப்பர்த் துகள், குழாய்த் துணுக்கு, மண். இறக்கை மேல் கிடந்த குழாயைத் துடைக்காமல் டேங்க்குக்குள் விட்டால் இதெல்லாம் உள்ளே போகும்.

முழுக் கோப்பையும் தண்ணீராக இருந்தால் எல்லைக்கோடே தெரியாது, 'சுத்தமாக இருக்கிறது' என்று தோன்றும். நீல நிறம் இருக்கிறதா, பெட்ரோல் வாசனை இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். வடித்ததில் கொஞ்சத்தை உள்ளங்கையில் ஊற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஈயச் சேர்மம் தோல் வழியாகவும் ஏறும்.

குறைந்ததை மறைக்கத் தண்ணீரோ வேறு எரிபொருளோ ஊற்றியிருந்தால்?

அரிது, ஆனால் நடந்தால் திருட்டைவிட மோசம். தண்ணீரை மேலே சொன்ன வழியில் பிடிக்கலாம். ஏவ்காஸில் கலந்த தண்ணீர் கீழே இறங்க, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 15 நிமிடம் விட வேண்டும். விமானத்தைத் தள்ளி அசைத்தவுடன் வடித்தால் ஏமாற்றும்.

ஜெட் எரிபொருள் கலந்திருந்தால் நிறம் மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், கலவையிலும் நீலம் மங்கலாகத் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். ஏவ்காஸ் எண்ணெய்த் தடமில்லாமல் ஆவியாகும். மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையம் விடும். ஏவ்காஸ் என்ஜின் அந்தக் கலவையில் ஸ்டார்ட் ஆகும், ஏறும் சக்தியில் வெடித்தெரிந்து பிஸ்டனைத் துளைக்கும்.

மூடியைச் சரியாகப் போடாமல் போயிருந்தால் மழைத்தண்ணீர் தவிர வேறு ஆபத்து உண்டா?

உண்டு. பறக்கும்போது இறக்கையின் மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைவு. மூடியில்லாத வாய் வழியாக எரிபொருள் உறிஞ்சப்பட்டுப் பின்னால் நீராவிபோலப் பறந்துபோகும். ரப்பர் பை டேங்க்காக இருந்தால் இன்னொரு விபரீதம்: உறிஞ்சும் அழுத்தத்தில் பையின் அடிப்பகுதி மேலே எழும், மிதவையையும் தூக்கும். டேங்க் காலியாகிக்கொண்டிருக்கும்போது முள் 'நிறைவு' என்று காட்டும். வென்ட் குழாயைக் குளவி அடைத்திருந்தாலும் இதே விளைவு வரும்.

எனவே மூடியைப் போட்ட பிறகு இழுத்துப் பாருங்கள். ஓ-ரிங் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

பூட்டு வைத்த மூடி வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, உங்கள் விமான வகைக்கு அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டு, வென்ட் துளை உள்ள மூடிக்குப் பதில் துளை இல்லாததைப் போட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வராமல் போகும். அசல் மூடி எந்த வகை என்று பாகங்கள் பட்டியலில் சரிபாருங்கள். சாவியை விமானத்துக்குள்ளேயே விடும் வழக்கம் இருந்தால் பூட்டே வேண்டாம்.

மூடிக்குப் பூட்டுப் போட்டாலும் வடிகால் வால்வு திறந்துதான் இருக்கிறது. அதைத் திருகாணி வைத்து அடைப்பது, பிசின் தடவுவது எல்லாம் வேண்டாம், தண்ணீரை வடிக்கும் ஒரே வழி அதுதான்.

மூடியின்மேல் டேப் ஒட்டி வைப்பது பலன் தருமா?

திருட்டைத் தடுக்காது, நடந்ததைச் சொல்லும். மூடியும் இறக்கையும் சேரும் இடத்தில் கிழிந்தால் மறுபடி ஒட்டாத சிறு முத்திரை ஒன்று, அதில் தேதியும் கையெழுத்தும். வென்ட் துளையை மறைக்கக் கூடாது. புறப்படும் முன் எடுத்துவிட வேண்டும். முத்திரை முழுதாக இருக்கிறது என்பதற்காக டிப்பைத் தவிர்க்கக் கூடாது, வால்வு வழியாக எடுத்தவர் மூடியைத் தொட்டிருக்கவே மாட்டார்.

நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி வைப்பதா, குறைத்து வைப்பதா?

இதில் ஒத்த கருத்து கிடையாது. நிரப்பினால் உள்ளே காற்றிடம் குறைந்து ஈரம் படிவது குறையும், ரப்பர் பையும் காய்ந்து வெடிக்காது. குறைவாக வைத்தால் திருடப்படுவதும் குறைவு, அடுத்த பறப்பில் நாலு பேரை ஏற்ற எடைக் கணக்கும் இடம் கொடுக்கும். எங்கள் சாய்வு நிரப்பி வைப்பதற்குத்தான். விளிம்புவரை இருந்த டேங்க்கில் ஐந்து லிட்டர் போனாலும் மூடியைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும். பாதி டேங்க்கில் தெரியாது.

லிட்டர், கேலன், கிலோ குழப்பத்தில் 'திருட்டு' போலத் தெரிவது உண்டா?

நிறைய. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்க கேலனைப் பிரிட்டிஷ் கேலனாகப் படித்தால் சுமார் 17 சதவீதம் காணாமல் போன மாதிரி இருக்கும். ஏவ்காஸ் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ, ஜெட் ஏ-1 சுமார் 0.80.

பெரிய விமானத்திலும் இதே தவறு நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ தேவைப்பட்டது. டேங்க்கில் டிப் அளவு 7,682 லிட்டர். லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77ஐப் போட்டார்கள். 20,088 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் மட்டும் நிரப்பிப் புறப்பட்டது. நடுவானில் இரண்டு என்ஜினும் அணைந்து, கனடாவின் கிம்லியில் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கி இறங்கியது. யாரும் இறக்கவில்லை. கோல் சரியாகவே சொன்னது, பெருக்கியதுதான் தவறு. கோலிலும் பதிவேட்டிலும் விமானத்திலும் ஒரே அலகை வைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டு என்று உறுதியாகிவிட்டது. அடுத்து?

எதையும் துடைக்காமல் படம் எடுங்கள்: மூடி, வால்வு, தரைக்கறை, தடம், கிடக்கும் குழாய். விமான நிலைய நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் விமானங்களின் உரிமையாளர்களுக்கும் அன்றே சொல்லுங்கள், ஒன்றில் கை வைத்தவர் ஒன்றோடு நிற்பதில்லை. காப்பீட்டுக்குத் தேதி, டிப் அளவு, குறைந்த அளவு எழுதிய பதிவேட்டுப் பக்கம் உதவும்.

எரிபொருளோடு நிறுத்தாமல் மற்றதையும் பாருங்கள். ரேடியோ, பேட்டரி, வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய், என்ஜின் கூடு. இருட்டில் இறக்கை மேல் ஏறியவர் எங்கே கால் வைத்தார் என்று பாருங்கள். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பிலோ (ஃப்ளாப்) ஏலரானிலோ மிதித்திருந்தால் பொறியாளர் பார்க்காமல் பறக்கக் கூடாது.

குறைந்ததை நிரப்பிவிட்டு உடனே கிளம்பலாமா?

மேலே ஊற்றினால் உள்ளே போன அழுக்கும் தண்ணீரும் கலங்கித்தான் போகும். நிரப்புவதற்கு முன்பே எல்லாப் புள்ளியிலும் வடித்துப் பாருங்கள். துகளோ தண்ணீரோ திரும்பத் திரும்ப வந்தால் டேங்க்கை முழுதாக வடித்து, கேஸ்கொலேட்டர் கிண்ணத்தைக் கழற்றிச் சல்லடையைச் சுத்தம் செய்து, கார்புரேட்டர் நுழைவாய் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். இது பராமரிப்புப் பொறியாளர் செய்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டிய வேலை. நோண்டப்பட்ட வடிகால் வால்வை, சொட்டாவிட்டாலும், ஓ-ரிங்கோடு மாற்றிவிடுவது மலிவு.

நிரப்பிய பிறகு காத்திருந்து மறுபடி வடியுங்கள், டிப் எடுங்கள். பிறகு இரண்டு டேங்க்கிலும் தனித்தனியாகச் சில நிமிடம் தரையிலேயே நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓட்டுங்கள், குழாயில் தேங்கியது தீர்ந்து டேங்க்கிலிருப்பது என்ஜினுக்கு வரும்வரை. முதல் பறப்பு ஆளேற்றாமல், களத்துக்கு மேலேயே வட்டமடித்து இருக்கட்டும். இறங்கியதும் இன்னொரு முறை எல்லாப் புள்ளியிலும் வடித்துப் பாருங்கள், ஆட்டத்தில் மூலையிலிருந்து இறங்கும் துகள் பெரும்பாலும் அந்தக் கோப்பையில்தான் வரும்.